ஆலையை மூடினால் கணக்கு முடிந்ததா?

சென்ற மழைக்காலத்தில் என் பேத்திக்குக் காய்ச்சல் வந்தது. அலமாரியில் கிடந்த பழைய தெர்மாமீட்டரை எடுத்து உதறினேன். "மாமா, அதுல பாதரசம் இருக்கு, வேண்டாம். கடையில பேட்டரி தெர்மாமீட்டர் வாங்கிட்டு வரச் சொல்றேன்" என்று மருமகள் சொல்லி வாய் மூடுமுன் அது என் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது. வெள்ளி மணிகள் நாலாபுறமும் ஓடின. பிள்ளை காய்ச்சலையும் மறந்து அவற்றைப் பிடிக்க வந்தாள். அவளைத் தூக்கி அடுத்த அறையில் விட்டு, ஜன்னல்களைத் திறந்து, கெட்டிக் காகிதத்தால் மணிகளை ஒன்று சேர்த்து, மூடியுள்ள ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீருக்கு அடியில் போட்டு மூடினேன். ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது சுமார் ஒரு கிராம் பாதரசம். அந்த ஒரு கிராமுக்கு ஒரு மாலைப் பொழுது போயிற்று. குப்பியை எங்கே கொடுப்பது என்று கேட்டேன். சரியான பதில் யாரிடமும் கிடைக்கவில்லை. அது இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், கிழக்கே நமக்கு அடுத்த மலையான கோடைக்கானலில் இந்தத் தெர்மாமீட்டர்களைக் கோடிக்கணக்கில் செய்த ஒரு தொழிற்சாலை இருந்தது. அதை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதன் மண்ணைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை. அதைப் பற்றி நம் சங்க இதழில் நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று தோன்றியது.

"கோடைக்கானல் கதை நமக்கு எதற்கு? அது தமிழ்நாடு, நாம் கேரளா" என்று சிலர் கேட்கலாம். எல்லைக்கோடு காகிதத்தில் இருப்பது. மலை ஒன்றுதான். வட்டவடையிலும் கோட்டக்கம்பூரிலும் இருப்பவர்களுக்கு அது அடுத்த வீட்டுச் சமாச்சாரம். பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒரு சாலையே இருந்தது. இன்று அதில் வண்டி போக வழியில்லை என்றாலும் நம்மில் பலருக்கு அந்தப் பக்கத்தில் பெண் கொடுத்த, பெண் எடுத்த உறவு உண்டு. இன்னொரு வேடிக்கை, பாம்பாறு என்ற பெயர் இரண்டு பக்கமும் இருக்கிறது. நம் தேவிகுளம் வட்டத்துப் பாம்பாறு மறையூர் வழியாக ஓடி அமராவதியில் சேருகிறது. கோடைக்கானல் பாம்பாறு தெற்கே இறங்கி, கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளம் பக்கமாக வைகைப் படுகைக்குப் போகிறது. அந்தத் தொழிற்சாலை நின்ற மேட்டின் சரிவு இறங்குவது அந்தப் பாம்பாற்றுச் சோலைக்குத்தான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையைக் கழற்றி, 1980-களின் முற்பகுதியில் கோடைக்கானல் செயின்ட் மேரிஸ் சாலையில் கொண்டுவந்து நிறுவினார்கள். அப்போது அது பாண்ட்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. 1998-இல் இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும், செய்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே போகும். உடைந்த கண்ணாடியும் அதில் ஒட்டிய பாதரசமும் மட்டும் மலையில் தங்கும். 2001 மார்ச் 7-ஆம் தேதி ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்ததை ஊருக்குக் காட்டினார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. 2003-இல் 290 டன் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குத் திரும்பிப் போயிற்று. பணக்கார நாட்டுக் குப்பை நம் பக்கம் வருவதுதான் வழக்கம். இந்த ஒரு முறை நம் பக்கத்துக் குப்பை அங்கே போனது. அதற்குப் பாடுபட்டவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

கண்ணாடியைப் பெட்டியில் கட்டி அனுப்பிவிடலாம். மண்ணை என்ன செய்வது?

பாதரசத்தின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரைப் போலப் பதின்மூன்றரை மடங்கு கனம். சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். காற்றில் போனது மழையோடு இறங்கி, ஏரி குளத்து வண்டலில் சேர்ந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற இன்னும் பொல்லாத பொருளாக மாற்றும். அது சிறு மீனில் ஏறி, அதைத் தின்னும் பெரிய மீனில் கூடுதலாகச் சேர்ந்து, கடைசியில் நம் தட்டுக்கு வரும். அணுசக்தித் துறையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கோடைக்கானல் ஏரியின் தண்ணீர், வண்டல், மீன் ஆகியவற்றையும், மரங்களில் படரும் பாசி வகைகளையும் சோதித்துப் பாதரசம் இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வேலிக்குள் நடந்த தொழில் வேலிக்குள் நிற்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மலையில் இன்னொரு சங்கடம் உண்டு. சமவெளியில் மண் கிடந்த இடத்தில் கிடக்கும். நம் மலையில் மண் நடக்கும். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் அந்த மலை இறங்கி வந்து எழுபது உயிர்களைக் கொண்டுபோனதை நமக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. நஞ்சு கலந்த மண்ணை ஒரு சரிவில் விட்டுவைத்தால் ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் கீழே போகும். சரி, தோண்டி எடுத்துவிடலாம் என்றால், மரம் போகும், வேர் போகும், பிடிமானம் போய்ச் சரிவே இறங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அங்கே சண்டை.

மண்ணைச் சுத்தம் செய்யும் முறை ஒன்றும் மாயம் இல்லை. தோண்டிய மண்ணைச் சலித்துத் தண்ணீரில் கழுவுவார்கள். பாதரசம் பெரும்பாலும் நுண்ணிய துகள்களில்தான் ஒட்டியிருக்கும். அந்தத் துகள்களைத் தனியே பிரித்து, மூடிய கலத்தில் போட்டுச் சூடேற்றுவார்கள். 357 டிகிரியில் பாதரசம் கொதிக்கும். ஆவியைக் குளிர்வித்துப் பிடித்துவிட்டால் மண் ஒரு பக்கம், பாதரசம் ஒரு பக்கம். நாக்பூரில் உள்ள நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் யோசனைப்படி 2017-இல் இதைச் சோதனை முறையில் செய்தும் பார்த்தார்கள்.

கேள்வி, எந்த அளவுக்குக் கழுவுவது என்பதுதான். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்பதை இலக்காக வைத்துத் திட்டம் வகுத்தார்கள். போராடியவர்கள், பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு வைத்த வழிகாட்டி அளவு 1 மில்லிகிராம்தானே, தாய் நிறுவனத்தின் ஊரில் ஒன்று, கோடைக்கானலில் இருபதா என்று கேட்டார்கள். அளவை இன்னும் குறைத்தால் மேலும் மண்ணை வாரி, மேலும் மரங்களை வெட்ட வேண்டிவரும், சோலைக்கு அதுவே கேடு என்று நிபுணர்கள் பதில் சொன்னார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போனது.

நான் ரசாயனம் படித்தவன் இல்லை. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ வாங்கி ரயில்வேயில் பாதைப் பிரிவில் சேர்ந்தவன். ரயில் பாதையே இல்லாத மாவட்டத்துக்காரன் ரயில்வேயில் என்ன செய்தான் என்று என்னைக் கேலி செய்வார்கள். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோனதால் நான் வெளியூருக்குப் போய் வேலை பார்க்க வேண்டியதாயிற்று என்று நானும் பதில் சொல்வேன். எனவே இருபதா ஒன்றா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மரத்தைப் பற்றிய கவலையும் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ரயில்வேயில் நான் கற்ற ஒரு பாடம் இங்கே பொருந்தும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

புதுப் பாதை போட்டால் அதில் பயணிகள் ரயிலை ஓடவிட ரயில்வேயே தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்ள முடியாது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். கேட்பதற்கு விநோதமாக இருக்கும். 1941-இலிருந்தே அந்தப் பிரிவை ரயில்வேயின் பிடியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். பாதை போட்டவனும், அதற்குச் செலவு செய்தவனும், "பாதை நன்றாக இருக்கிறது" என்று சொல்பவனும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பதே காரணம். எங்களை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மனித சுபாவம், அதற்கு ஒரு கடிவாளம் வேண்டும், அவ்வளவுதான். நாங்களும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

மண்ணுக்கு இந்த ஏற்பாடு எங்கே? அசுத்தம் செய்தவரே ஆலோசகரை அமர்த்துகிறார். அவரே ஆய்வுக்குச் செலவு செய்கிறார். அவரே மண்ணைக் கழுவுகிறார். கழுவிய பிறகு மாதிரி எடுப்பதற்கும் அவர் பணம்தான். செலவு அவர் தலையில் விழ வேண்டியது நியாயமே. ஆனால் பணம் ஒரு பொதுக் கணக்கில் போய்ச் சேர்ந்து, ஆய்வாளரை வேறொருவர் நியமித்து, முடிவு முதலில் ஊராரிடம் வர வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறதே என்பீர்கள். அந்த ஆலை பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் ஓடியபோதும் வாரியம் இருந்தது. கழிவைக் கண்டுபிடித்துக் காட்டியவர்கள் ஊர்க்காரர்கள்.

இதை நான் பிறரைக் குறை சொல்லும் பெருமையில் எழுதவில்லை. நானே ஒரு தப்பில் கையெழுத்துப் போட்டவன். என் சர்வீஸின் நடுவில், ஒரு சிறு ஸ்டேஷனில் பழைய மரக்கட்டை ஸ்லீப்பர்களை அடுக்கி வைத்த ஒரு டிப்போவை மூடும் பொறுப்பு எனக்கு வந்தது. கட்டை உளுக்காமல் இருக்க அவற்றைக் கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறவைத்திருப்பார்கள். பல வருஷம் அடுக்கி வைத்ததில் தரை கறுத்து, வெயிலில் மினுங்கும். நான் ஸ்லீப்பரை எண்ணினேன், தண்டவாளத் துண்டை எண்ணினேன், ஃபிஷ் பிளேட்டை எண்ணினேன், கணக்குச் சரியாக இருந்தது. "இடம் காலி செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மண்ணைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. ஆறேழு வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது அங்கே குடிசைகள் வந்திருந்தன. ஒரு அடிபம்பு இருந்தது. தண்ணீர் கேட்டேன். ஒரு அம்மாள், "ஐயா, அது குடிக்க ஆகாது, தார் வாடை அடிக்கும். துவைக்கத்தான்" என்றார். அந்த அம்மாளிடம் நான் யார் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. தெரிந்த அதிகாரிகளிடம் பிறகு சொன்னேன். அதனால் என்ன நடந்தது என்று கேட்டால் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த டிப்போவில் முப்பது வருஷம் கட்டை தூக்கிய கேங்மேன் ஒருவர் அன்று என் பக்கத்திலேயே நின்றார். எண்ணெய் எங்கே சிந்தியது, எங்கே குழி தோண்டி மூடினார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

கோடைக்கானலிலும் கேட்க வேண்டிய முதல் ஆட்கள் அங்கே வேலை செய்தவர்கள். எந்த அறையில் கண்ணாடி உடையும், எந்த வாய்க்காலில் கழுவிய தண்ணீர் போகும் என்பதை எந்தக் கருவியையும்விட அவர்கள் அறிவார்கள். தங்களுக்குத் தக்க பாதுகாப்பு இல்லை, உடம்பு கெட்டது என்று அவர்கள் சொன்னார்கள். நிறுவனம் அதை மறுத்தது. 2006-இல் தொடங்கிய வழக்கு, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஏற்பட்ட உடன்படிக்கையில் முடிந்தது. பத்து வருஷம்! நியாயம் கேட்டுக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் நரை தட்டிப் போயிருப்பார்கள்! அதற்கும் ஒரு பாட்டும், அது கைப்பேசியில் 2015-இல் ஊரெல்லாம் பரவியதும் துணை செய்ய வேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பரம்பரையாக உழைத்த நமக்கு, உழைத்தவன் வார்த்தையைக் கடைசியாகக் கேட்கும் வழக்கம் புதிதல்லவே.

தாமதத்துக்கு வேறு உதாரணமும் உண்டு. போபால் விஷவாயு 1984 டிசம்பரில். அந்த யூனியன் கார்பைடு ஆலைக்குள் கிடந்த 337 டன் கழிவு வெளியே போனது 2025 ஜனவரியில். நாற்பது வருஷம்! ஜப்பானின் மினமாட்டா ஊரில் பாதரச நோய் 1956-இல் வெளிப்பட்டது. விரிகுடாவின் சேற்றை வாரி முடிக்க 1990 ஆயிற்று. மீன் சாப்பிடலாம் என்று அறிவிக்க 1997 ஆயிற்று. ஆனால் ஜப்பானியர் செய்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். சேற்றை வாரியதும் வேலை முடிந்தது என்று போகவில்லை. ஏழு வருஷம் மீனைச் சோதித்து, பிறகுதான் வலையை நீக்கினார்கள்.

ரயில்வேயிலும் அதுதான் முறை. பாதையை ரிப்பேர் செய்த மறுநாளே நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடாது. முதலில் இருபது, பிறகு நாற்பத்தைந்து என்று வேகக் கட்டுப்பாடு இருக்கும். பாதை அமர்ந்தது என்று பார்த்துப் பார்த்துத்தான் கட்டுப்பாட்டை எடுப்போம். கழுவிய மண்ணுக்கும் அப்படி ஒரு காலம் வேண்டும். கோடைக்கானல் ஓடையிலும், கும்பக்கரையிலும், வைகையிலும் வண்டலையும் மீனையும் பல வருஷம் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். இருபது போதுமா என்ற கேள்விக்கும் அப்போதுதான் நேர்மையான பதில் கிடைக்கும். போதவில்லை என்று மீன் சொன்னால் மறுபடியும் இறங்கி வேலை செய்யும் கடமை எழுத்தில் இருக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன வேலை என்று முடிவாகக் கேட்கலாம். நம் பகுதியிலும் தொழிற்சாலைகள் உண்டு. தேயிலை பதப்படுத்தும் ஆலைகள், டீசல் எஞ்சின் கொட்டகைகள், பூச்சிமருந்துக் கிடங்குகள், பழைய பட்டறைகள் உண்டு. அவற்றில் சில மூடும், சில கை மாறும், சிலவற்றின் மேல் விடுதி எழும், சிலவற்றின் பக்கத்தில் நம் பிள்ளைகள் வீடு கட்டும். அவற்றில் நஞ்சு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை என்றுதான் சொல்கிறேன். ஒரு இடம் கை மாறும்போது அங்கே என்ன இருந்தது, எங்கே கொட்டினார்கள் என்ற குறிப்பும், ஒரு மண் சோதனையும் பத்திரத்தோடு சேர்ந்து வர வேண்டும் என்று நம் கிராமசபையில் கேட்கலாம். ஓய்வு பெற்ற தொழிலாளிகள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தெரிந்ததைச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அதற்குப் பணம் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கெட்டில் டீயும் போதும். அந்த நோட்டை எழுத நான் தயார்.

ஆலை வரும்போது வேலை வருகிறது என்று மாலை போட்டு வரவேற்கிறோம். அதில் தப்பில்லை, நம் வயிறு அதைக் கேட்கிறது. போகும்போது சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடக் கூடாது. "இடம் காலி செய்யப்பட்டது" என்று என்னைப் போல் இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுமுன், அந்தக் காகிதத்தை நாமும் ஒரு தடவை வாங்கிப் படிப்போம்.